அனுப்பாத கரகம்

நெல் கொட்டி வைக்கும் பத்தாய அறையின் கதவைத் திறந்ததும் ஈஸ்வரிக்கு முதலில் தட்டுப்பட்டது வாசனைதான். உமியும் எலிப்புழுக்கையும், மரப்பலகையில் ஊறிக் காய்ந்த பழைய மழை ஈரமும் கலந்த ஒரு நெடி அந்த அறைக்கு எப்போதும் உண்டு. இன்று அதற்கு மேலே, யாரோ இப்போதுதான் மரத்திலிருந்து ஒடித்துக் கொண்டுவந்தது போல, பச்சை வேப்பிலையின் கசப்பு நாக்கின் அடியில் வந்து ஒட்டுகிற அளவுக்கு நிறைந்திருந்தது. விளக்கு வைக்கிற நேரம். கையிலிருந்த அகலை உயர்த்திப் பிடித்துப் பார்த்தாள். பத்தாயத்தின் மேல்பலகையில் நெல்லைப் பரப்பி உட்கார்த்தி வைத்த கரகம் வைத்தபடியே இருந்தது. மல்லிகைச் சரம் கருகி வெறும் நாராகிவிட்டது. அரளி உதிர்ந்து கறுத்துக் கிடந்தது. உச்சியில் செருகிய எலுமிச்சம்பழம் சுண்டிக் கொட்டைப்பாக்கு போல ஆகிவிட்டது.

வேப்பிலை மட்டும் வாடவில்லை. ஓர் இலையைக் கிள்ளினாள். விரலில் ஈரம் பட்டது.

"என்னங்க, கரகத்துல வேப்பிலைய மாத்துனீங்களா?"

கூடத்தில் சாய்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்த தியாகராசன் திரும்பவில்லை. "கட்டுன கரகத்துல எவனாச்சும் கை வைப்பானா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

"இல்ல, வாடவே இல்லைங்க. நேத்து வச்ச மாதிரி இருக்கு."

"அம்மன் மனசு குளுந்து உக்காந்திருக்கான்னு அர்த்தம். நம்ம வீட்டுல அவளுக்கு என்ன கொறை? விளக்க வச்சுட்டுக் கதவச் சாத்து. வேலக்காரி கண்ணுல பட்டுறப் போவுது."

வேலைக்காரி மட்டுமல்ல, ஊரில் வேறு யார் கண்ணிலும் அது படக்கூடாது. பூட்டிக் கிடக்கும் கோயிலுக்குள்தான் கரகம் இருக்கிறது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது.

தாராசுரத்துக்குத் தெற்கே, அரசலாற்றை ஒட்டிய சின்ன ஊர். வைகாசித் திருவிழாவுக்கு ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, புதுக்குடத்தில் அந்தத் தண்ணீரை நிரப்பி, வேப்பிலையும் பூவும் கூம்பாகக் கட்டுவார்கள். காலனித் தெரு முருகையன் பறையடித்து அழைப்பார். மாரியம்மன் அந்தக் குடத்துக்குள் இறங்குவாள். அழைத்த பறைதான் திருவிழா முடிந்ததும் அவளை அனுப்பியும் வைக்க வேண்டும். பறை முழங்கக் குடத்துத் தண்ணீரை ஆற்றில் விட்டால்தான் அவள் போவாள். இது அந்த ஊர் வழக்கம். அழைக்கிறவருக்கும் அனுப்புகிறவருக்கும் ஆற்றங்கரை வரைக்கும்தான் இடம். கோயில் படியேற முடியாது. கரகம் அவர்கள் தெருவுக்குள் போகாது. இதுவும் அந்த ஊர் வழக்கம்தான்.

இந்த வருசம் காலனிப் பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். நாங்கள் அழைத்த சாமி எங்கள் தெருவுக்கு ஏன் வராது என்று ஊர்வலத்துக்குக் குறுக்கே உட்கார்ந்தார்கள். வாய்ச்சண்டை முற்றிக் கல் பறந்தது. போலீஸ் வந்தது. பொழுது சாய்வதற்குள் கோட்டாட்சியர் கோயிலைப் பூட்டிச் சீல் வைத்துவிட்டார். அந்தக் களேபரத்தில்தான் நாட்டாமை தியாகராசன் அந்தக் காரியத்தைச் செய்தார். கரகம் சுமந்து நின்றவன் அவருடைய மகன்; அவன் தலையிலிருந்து குடத்தை இறக்கிக் காரின் பின்சீட்டில் வைத்து, களத்து வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கோயில் சேராத கரகத்தை வழியில் இறக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாததல்ல.

"நாளைக்குக் கோர்ட்டே அவனுங்களுக்குக் கதவத் திறந்து விட்டாலும் உள்ள வெறுங்கல்லுதான் இருக்கும்," என்று அன்றைக்குச் சிரித்தார். "சாமி நம்மகிட்ட. கல்லக் கும்பிட்டுக்கட்டும்."

ஈஸ்வரிக்கும் அப்போது அதில் ஒரு பெருமை இருக்கத்தான் செய்தது.

மகன் சூர்யபிரகாஷ் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறவன். கரகம் எடுக்கவென்றே லீவு போட்டு வந்தவன். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டியிருந்தார்கள். கரகத்தை ஆற்றில் விட்ட பிறகுதான் காப்பை அவிழ்க்கலாம். அதுவரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. லீவு முடிந்தது. விமான டிக்கெட் வீணானது. அவன் வீட்டிலேயே இருந்தான்.

முதலில் வேடிக்கையாகத்தான் சொன்னான்.

"அம்மா, கழுத்து ஒரே வலிம்மா. இன்னும் தலையில அது இருக்கிற மாதிரியே இருக்கு."

"தைலம் தேய்க்கட்டுமா?"

"தேய். ஆனா தலைய ஆட்டிடாத, சிந்திடப் போவுது." சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

போகப்போகச் சிரிப்பு நின்றது. சாப்பிடும்போது குனிய மாட்டான். முதுகை நிமிர்த்தி, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, கை மட்டும் இலைக்கும் வாய்க்கும் போய் வரும். படுக்க மாட்டான், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவான். யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்பு முழுவதையும் மெல்லத் திருப்புவான், நிறைகுடம் சுமக்கிறவர்கள் திரும்புவது போல. அப்புறம் தாகம் வந்தது. சொம்பில் கொடுத்தால் போதவில்லை. குடத்தை அப்படியே தூக்கிக் குடித்தான். குடித்ததெல்லாம் எங்கே போகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. அவன் கொல்லைப்பக்கம் போயே அவள் பார்க்கவில்லை.

கும்பகோணத்தில் டாக்டரிடம் காட்டலாம் என்றாள். "காப்புக் கட்டுனவன் எல்லை தாண்டுறதா? நாட்டாம மவனே தாண்டுனான்னு நாளைக்கு எவனும் பேசவா?" என்று தியாகராசன் மறித்துவிட்டார்.

ஒரு மத்தியானம் கரண்ட் போயிருந்தது. மின்விசிறிச் சத்தம் இல்லாத வீட்டில், எங்கோ வயலில் டிராக்டர் சேறு கலக்குகிற உறுமல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க, ஈஸ்வரி அவன் மார்பில் தைலம் தேய்த்தாள். வெளியே வெயில் கொளுத்துகிறது. அவன் உடம்போ கிணற்றடிக் கல் போலச் சில்லென்றிருந்தது. அழுத்தித் தேய்த்தபோது அந்தச் சத்தம் கேட்டது. கையை எடுத்தாள். மறுபடியும் வைத்து மெல்ல அசைத்தாள். குடத்தை இடுப்பில் தூக்கி வைக்கும்போது உள்ளே தண்ணீர் ஒருமுறை புரளுமே, அந்தச் சத்தம்.

"கேட்டுச்சாம்மா?" என்றான், சுவரைப் பார்த்தபடி. "எனக்கு ராவும் பகலும் கேக்குது."

அன்று மாலை அவள் கணவரிடம் நேராகவே பேசினாள்.

"முருகையன வரச் சொல்லி அனுப்பிவிட்டுருவோங்க. ஆத்துல தண்ணி வந்துருச்சு. நமக்கு வேணாம் இந்தப் பெரும."

"பறையடிக்கிறவன் கால்ல போய் விழச் சொல்றியா?"

"விழுந்தா என்னங்க? நம்ம புள்ளைக்காகத்தான."

"இன்னிக்கு நான் விழுந்தா நாளைக்கு எல்லாவனும் உள்ள வந்துருவான். வந்த சாமிய அனுப்பணும்னு உனக்கு என்ன அவசரம்? இருக்கட்டும். எங்கூட இருக்கட்டும்."

*

மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்ந்திருந்த நேரம். மறுநாள் சாயங்காலம் அவர் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்கப் போனதும் ஈஸ்வரி காலனித் தெருவுக்குப் போனாள். இந்த ஊருக்கு மருமகளாக வந்து தலை நரைத்தாகிவிட்டது. அந்தத் தெருவுக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். ஓட்டு வீடுகளும் புதிதாக எழும்பிய மாடி வீடுகளும் இருந்தன. முருகையன் வீட்டு வாசலில் அவர் மனைவி காத்தாயி புளி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"அடடே, யாரு, நாட்டாம வீட்டம்மாவா? வழி தெரிஞ்சு வந்தீங்களா, தவறி வந்தீங்களா?"

"தெரிஞ்சுதான் வந்தேன் காத்தாயி. அவரு இருக்காரா?"

"அவரா!" காத்தாயி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏங்க, வெளிய வாங்க. உங்களுக்கு மரியாதையெல்லாம் வந்து வாசல்ல நிக்குது."

முருகையன் வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார். ஈஸ்வரி விளிம்பில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டாம் என்று நினைத்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னாள். கரகம் வீட்டில் இருப்பதைச் சொன்னபோது அவர் முகம் மாறியது.

"வீட்டுலயா? எறக்கிட்டாரா?"

"பத்தாயத்து மேல."

"அவ உக்காரமாட்டாளேம்மா. சொமந்துக்கிட்டே இருக்கணும், இல்ல அனுப்பிடணும்." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாவுக்கும் அடிக்கிறதில்ல, சாமிக்கும் அடிக்கிறதில்லன்னு தெருவுல முடிவு பண்ணிட்டோம். எம்மவன் அறிவுச்செல்வன் வந்தா என்னயத் திட்டுவான்."

"எனக்கு இருக்கிறது ஒரு புள்ள, முருகையன்."

காத்தாயி புளியை நகர்த்தி வைத்தாள். பிறகு அவளே சொன்னாள்: "அடிச்சு வுடுங்க. புள்ள என்ன பண்ணுச்சு பாவம்."

"இருட்டுறதுக்குள்ள கரகத்த ஆத்துக்குக் கொண்டாங்க," என்றார் முருகையன். "நான் கரைக்கு வந்துர்றேன். இந்த ஒரு தடவதான்."

பரண் மேலிருந்து பறையை இறக்கினார். நாளாகத் தொடாத தோல் தளர்ந்து கிடந்தது. வாசலில் ஒரு பிடி வைக்கோலைக் கொளுத்தி, தோலை அந்தச் சூட்டில் காட்டித் திருப்பினார். புகையும் கருகல் வாசனையும் எழுந்தன. தோல் விறைத்ததும் குச்சியால் ஒரு தட்டுத் தட்டினார். இன்னொன்று. மெல்ல அது சாமியை அனுப்புகிற அடியின் நடைக்கு வந்தது. ஈஸ்வரி கண்ணை மூடி அம்மனைக் கும்பிட்டாள். போகிறாள். போய்விடுவாள்.

காத்தாயி உள்ளேயிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிங்க. வேர்த்து ஊத்துது."

கை வாங்கிக்கொண்டது. வாய்க்குப் போகவில்லை. வேண்டுமென்று அவள் செய்யவில்லை. கையை மேலே தூக்க நினைத்தாள். கை மடியிலேயே இருந்தது. தெருமுனையில் யாராவது பார்க்கிறார்களா என்று கண் ஒருமுறை போய் வந்தது. அப்புறம் டம்ளரை ஓசைப்படாமல் நாற்காலிக் காலடியில் வைத்தாள்.

"தாகமில்ல காத்தாயி."

"இந்த வெயில்ல நடந்து வந்துட்டுத் தாகமில்லியா?"

"இல்ல... அப்பறமா..."

காத்தாயி குனிந்து டம்ளரை எடுத்தாள். அந்தத் தண்ணீரை எரிகிற வைக்கோல் மேல் ஊற்றினாள். புஸ்ஸென்று சாம்பல் எழும்பியது. முருகையன் கை நின்றது.

"ஏய், என்ன வேல பாக்குற? பாதியில நிறுத்தக் கூடாதுடி! அடிச்ச சத்தத்துக்கு அவ ஏந்திரிச்சிருப்பா!"

"நிக்கட்டும். நாம எத்தன காலமா நிக்கிறோம்."

"காத்தாயி, குடுத்துரு, குடிச்சிடறேன்." ஈஸ்வரி எழுந்து டம்ளரைப் பிடித்தாள். அதில் ஒன்றுமில்லை. "வேற தண்ணி கொண்டா. குடம் குடமாக் குடிக்கிறேன்."

"இப்ப குடிப்பீங்க. புள்ளைக்காகக் குடிப்பீங்க." காத்தாயியின் குரல் உயரவில்லை. "எங்க கையாலதான் வரணும், எங்க கையாலதான் போவணும். ஒரு வாய் தண்ணி மட்டும் எறங்காது. போங்கம்மா."

முருகையன் பறையைப் பார்த்தபடி நின்றார். அவர் முகத்தில் பயம் தெரிந்தது. அவர் அவளைப் பார்த்துப் பயப்படவில்லை. கரகம் இருக்கும் ஊர்த்தெருப் பக்கம் பார்த்துப் பயந்தார்.

*

பறை இல்லாவிட்டால் போகட்டும். நானே கொண்டுபோய் விடுகிறேன். பெற்றவள் கெஞ்சினால் கேட்கமாட்டாளா? அவளும் தாய்தானே. இப்படியே தனக்குள் சொல்லிக்கொண்டு வரப்பு வழியாக ஓடினாள். வீட்டில் தொலைக்காட்சி யாருமில்லாமல் பேசிக்கொண்டிருந்தது. கூடத்துச் சுவரோரம் சூர்யபிரகாஷ் இல்லை. அவன் உட்காரும் இடத்தில் தரை நனைந்திருந்தது. கொல்லையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தாள். பார்க்க நேரமில்லை.

பத்தாய அறைக்குள் போய்ச் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தாள். கரகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கனத்துக்குத் தயாராக மூச்சை இழுத்துக்கொண்டு தூக்கினாள். கை தடுமாறியது.

கனமே இல்லை.

நின்று யோசிக்கப் பயமாக இருந்தது. கொல்லைக் கதவு வழியாக இறங்கி, மூங்கில் புதர் தாண்டி ஆற்றுக்கு நடந்தாள். சூரியன் போய்விட்டிருந்தது. மேற்கே ஒரு சாம்பல் வெளிச்சம் மட்டும். புதுத்தண்ணீர் நுரையும் சருகுமாகக் கலங்கி ஓடியது. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. அவள் படித்துறையில் காலை வைத்ததும் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன.

முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கரகத்தைத் தண்ணீரில் விட்டாள். "தாயே, போயிரு. தெரியாம செஞ்சுட்டோம். போயிரு தாயே."

அது மூழ்கவில்லை. காய்ந்த தேங்காய் ஓடு போல மிதந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. நீரோட்டத்தோடு போகாமல் அவள் முழங்காலில் வந்து முட்டியது. தள்ளினாள். திரும்பி வந்தது. ஆத்திரத்தில் இரண்டு கையாலும் அழுத்தினாள். கட்டு அவிழ்ந்து வேப்பிலைக் கூம்பு சரிந்தது. குடத்தின் வாய் திறந்துகொண்டது.

உள்ளே ஈரமே இல்லை. சூளையிலிருந்து அன்றைக்கு எடுத்தது போல வறண்ட செம்மண் நிறம். ஒரு சிலந்தி வலை. அவ்வளவுதான்.

பாதியில் நின்ற பறை. ஏந்திரிச்சிருப்பா என்றாரே. எழுந்தவள் எங்கே போனாள்? ஆற்றுக்கு வரவில்லை. குடத்தில் இல்லை.

கூடத்துத் தரையில் அந்த ஈரம்.

ஈஸ்வரி ஓடினாள். மூங்கில் முள் கிழித்தது. புடவை காலைச் சுற்றியது. விழுந்தாள். எழுந்தாள். கொல்லைக் கதவு திறந்தபடி கிடந்தது. வீட்டுக்குள் விளக்கில்லை. தொலைக்காட்சியும் அணைந்திருந்தது. காலடியில் தண்ணீர். உள்ளறையிலிருந்து கசிந்த வெளிச்சத்தில், கூடத்திலிருந்து பத்தாய அறை வரைக்கும் ஈரப் பாதங்கள் போயிருந்தது தெரிந்தது. போனதுதான் உண்டு. திரும்பியதில்லை.

அறைக்குள் கற்பூர வெளிச்சம் ஆடியது.

தியாகராசன் தரையில் நெற்றி பட விழுந்து கிடந்தார். வயல் சேறு காலில் காயவில்லை. அவர் முதுகு குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவ நம்மள விட்டுப் போவல ஈஸ்வரி. எங்கயும் போவல. பாரு."

பத்தாயத்தின் மேல், நெல்லின் மேல், சூர்யபிரகாஷ் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். முதுகு நேராக. தலை பின்னுக்குச் சாய்ந்து. வாய் திறந்திருந்தது. ஒரு மனிதனின் வாய் அவ்வளவு வட்டமாகத் திறக்க முடியாது. திறந்திருந்தது. அதற்குள் தண்ணீர். உதட்டு விளிம்பு வரை. கலங்காத, கறுத்த தண்ணீர். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை.

கண்கள் மட்டும் அசைந்தன. சுற்றி வந்து அவளைக் கண்டுபிடித்தன. அங்கேயே நின்றன.

"ஐயோ, சூர்யா..."

"தொடாத!" தியாகராசன் குறுக்கே வந்தார். கையில் குங்குமம். மகன் நெற்றியில் அழுத்தி வைத்தார். தோளில் பூச்சரத்தைச் சுற்றினார். "தீட்டாயிடும். நீ எங்க போயிட்டு வந்தன்னு எனக்குத் தெரியும். வெளிய நில்லு."

"அது நான் பெத்த புள்ள."

"இனிமே இல்ல. வெளிய நில்லு. யாரும் உள்ள வரக் கூடாது."

அவர் அவளை நிலைப்படிக்கு வெளியே தள்ளினார். கதவைச் சாத்தத் தொடங்கினார். மூடிக்கொண்டு வந்த இடைவெளியில் அவள் கடைசியாகப் பார்த்தது அந்த வாயைத்தான். காற்றில்லாத அறையில், அசையாத அந்த முகத்தில், தண்ணீரின் மேல் ஒரு சின்ன வளையம் எழுந்தது. அது விளிம்பைத் தொடும் முன் இன்னொன்று. உடனே இன்னொன்று.

அந்தத் தண்ணீருக்கு அடியிலிருந்து அவன் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.